மாடி ஏறாத சம்பந்தியம்மா

பிப்ரவரி 11

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

போனில் பேசினால் நாம் இருவரும் கத்துகிறோம். கத்தினால் உங்கள் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏறினால் டாக்டர் என் பையனைத் திட்டுகிறார். அதனால் பிரசவம் முடிகிறவரை நமக்குள் போன் பேச்சே கூடாது என்று பிள்ளைகள் தடை போட்டுவிட்டார்கள். "எதுவா இருந்தாலும் எழுதிக்குங்கப்பா, எழுதினா சத்தம் வராது," என்றான் பையன். ஆகவே எழுதுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

விஷயம் கடிகாரம். இவர்கள் மூன்றாவது மாடியில் குடியேறியபோது பரிசாக அனுப்பி, மாட்டுவதற்கு ஆளும் அனுப்பினீர்களே, அது. முந்தாநாள் நின்றுபோயிருந்தது. பேட்டரி மாற்றலாமென்று கையை வைத்தேன். அசைந்தால்தானே! ஊரெல்லாம் கடிகாரத்தை ஆணியில் மாட்டுவார்கள். இதை உங்கள் ஆள் நாலு போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கியிருந்தான். நான் மொட்டை மாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டிக்குக்கூட இப்படிப் போல்ட் போட்டதில்லை.

கழற்றிப் பார்த்தேன். பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் ஒரு சிம் கார்டு. கடிகாரத்துக்கு எதற்கம்மா சிம் கார்டு? யாருக்குப் போன் பண்ணி மணி சொல்கிறது?

என் வீட்டுக்காரி கடிகாரம் மாட்டிய அந்தக் கூடத்து சோபாவில் உட்கார்ந்துதான் உங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நல்லதாகப் பேசியதில்லை. பெட்டியைக் காட்டியதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதற்கு நடுவில் பேப்பரில் உங்கள் படம். பூகம்பம் வந்தால் நிற்காத கட்டடங்களைக் கண்டுபிடித்துச் சிவப்புக் குறி போட்டுக் காலி செய்ய வைக்கும் குழுவுக்கு நீங்கள் தலைவியாம். வாழ்த்துகள். முதல் குறி எந்தக் கட்டடத்துக்கு என்று நான் ஊகித்துவிட்டேன். டிப்ளமோக்காரன் நான் கட்டியதில் பேராசிரியையின் மகள் குடியிருப்பது உங்களுக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தல்தானே.

பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் மாமனார்


பிப்ரவரி 15

சம்பந்திக்கு,

தண்ணீர்த் தொட்டிக்குப் போல்ட் போடுவதில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்ததற்கு நன்றி.

பெட்டியை வைத்தது நான்தான். அது பேச்சைக் கேட்காது. ஆட்டத்தை மட்டும் அளக்கும். தெருவில் லாரி போனாலும் காற்று அடித்தாலும் எல்லாக் கட்டடமும் கண்ணுக்குத் தெரியாமல் ஆடுகிறது. ஊஞ்சலின் கயிறு நீளமானால் மெதுவாக ஆடும் அல்லவா? அதுபோலக் கட்டடம் தளர்ந்தால் அதன் ஆட்டமும் மெதுவாகும். கிண்ணென்று நிற்கிறதா, தளர்ந்துவிட்டதா என்பதை அந்தப் பெட்டி எனக்குச் சொல்லும். உங்கள் வீட்டம்மாவைத் தாராளமாகச் சாப்பிடச் சொல்லுங்கள். என்னைப் பற்றி என்ன பேசுவார் என்று தெரிந்துகொள்ள எனக்குக் கருவி தேவையில்லை.

மறைத்து வைத்தது தவறுதான். கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா?

உங்கள் கட்டடத்தைப் பற்றி எனக்கு ஏன் உறுத்தல் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். நான் விரிவுரையாளராகச் சேர்ந்த வருடம், பூகம்பம் வந்த ஓர் ஊருக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார் நிறுத்துவதற்காகச் சுவர் இல்லாமல் வெறும் தூண்கள். மேலே வீடுகள். ஆட்டத்தில் தூண்கள் மடங்கி, கீழ்த்தளம் முழுவதும் முழங்கால் உயரத்துக்கு அமுங்கிவிட்டது. மேல் மாடிகள் உடையவில்லை. அப்படியே தரையில் வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு பால்கனிக் கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கீழே இருந்தவர்களை எடுக்க எங்களால் முடியவில்லை.

அந்தக் கீழ்த்தளம் ஏன் மடங்கியது? அன்றிலிருந்து என் வேலை அந்த ஒரு கேள்விதான். பரிசோதனைக் கூடத்தில் ஆட்டும் மேடை போட்டு, கட்டடம் கட்டி, ஆட்டி, உடைத்துப் பார்க்கிறேன். மாணவர்கள் எனக்குப் 'பூகம்பம்' என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். எழுதிய அறிக்கைகளெல்லாம் யார் யாருடைய அலமாரியிலோ தூங்கின. ஓய்வு பெறப்போகிற வருடத்தில்தான் முதல் தடவையாக என் பேச்சைக் கேட்டு ஒரு கட்டடத்தைக் காலி செய்வார்கள் என்ற நிலை வந்திருக்கிறது.

உங்கள் கட்டடத்தின் முன்பாதி கார் நிறுத்துமிடம். பின்பாதியில் செங்கல் சுவர்கள் இருக்கின்றன என்ற ஒரே ஆறுதலில்தான் என் மகளை அங்கே குடியிருக்க விட்டேன். டிசம்பர் கடைசியில் கட்டடத்தின் ஆட்டம் திடீரென்று மெதுவானது. கருவிக் கோளாறாக இருக்குமோ என்று இத்தனை நாள் சரிபார்த்தேன், இல்லை. எந்தக் கட்டடமும் ஒரே வாரத்தில் தானாகத் தளராது. மேல் மாடிகளில் குடும்பங்கள் இருக்கின்றன, அங்கே இடித்தால் சண்டை நாறியிருக்கும். ஆகவே கீழ்த்தளம்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பின்பக்கத்தில் எந்தச் சுவரை எடுத்தீர்கள்? எதற்காக?

பேராசிரியை


பிப்ரவரி 19

சம்பந்தியம்மாவுக்கு,

நான் ஒரு செங்கல்லைக்கூட எடுக்கவில்லை. எடுத்தால் எடுத்தேன் என்று சொல்கிற ஆள் நான். உங்களைப் போலக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒளிகிறவன் இல்லை.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது இப்போது என் பையன். நான் வாரத்துக்கு ஒரு தடவை போவேன். லிஃப்டில் ஏறுவேன், மருமகளைப் பார்ப்பேன், இறங்குவேன். பின்பக்கம் ஏதோ பழைய சாமான் போட்டு நீலப் படுதாவால் மூடி வைத்திருக்கிறான். அதைக்கூட நான் விலக்கிப் பார்த்ததில்லை. உங்கள் பெட்டி பொய் சொல்கிறது. இல்லையென்றால் பெட்டிக்கு வேண்டியதைச் சொல்ல நீங்கள் கற்றுக் கொடுத்திருக்கிறீர்கள்.

அப்படியே ஒரு சுவர் போயிருந்தாலும்தான் என்ன? பாரத்தைத் தாங்குவது தூண். செங்கல் சுவர் வெறும் திரை. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இதை நான் சொல்லாத நாளில்லை. பையன் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

கல்யாணத்தன்று நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் வரவேற்கிற நேரத்தில் பெண்ணின் அம்மாவைக் காணோம். தேடிப் போனால், கைப்பையிலிருந்து சுத்தியல் எடுத்து மண்டபத்துத் தூணைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்! "சத்தம் பரவாயில்லை," என்றீர்கள். என் தம்பி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

அதையாவது சிரித்து விட்டுவிடலாம். போன வருடம் என் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தன்னோடு வந்து தங்கச் சொல்லி உங்கள் பெண் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாள்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? "உங்க கட்டடத்துல மாடி ஏறி ஒரு நாள்கூடத் தங்க மாட்டேன். தரையில கால் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." என் முகத்துக்கு நேராக. அந்தப் பெண் கை கழுவுகிற சாக்கில் உள்ளே போய் அழுதாள். என் வீட்டுக்காரிதான் கண்ணைத் துடைத்துவிட்டாள். நீங்கள் மோரை ஊற்றிக்கொண்டு என் வீட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்கு இப்போது வருகிற சந்தேகம் இதுதான். பிரசவத்துக்கு அவளை உங்கள் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். நேரடியாகக் கேட்டால் அவள் வர மாட்டாள். அதனால் கட்டடம் தளர்ந்துவிட்டது என்று பூச்சாண்டி காட்டுகிறீர்கள். சரிதானே?

கட்டடக்காரன்


பிப்ரவரி 24

சம்பந்திக்கு,

நேற்று நான் அங்கே போனேன். மகளிடம் சொல்லவில்லை. எதிர்வரிசை டீக்கடையில் நின்று பார்த்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன்.

கேட்டைத் திறக்காமலே காவலாளி கேட்டார், "நீங்க மூணாவது மாடி அம்மாவோட அம்மாதானே?" ஆமாம் என்றேன். "மேல வேணா போங்கம்மா. கீழ பின்பக்கம் மட்டும் விட முடியாது. யாரையும் விடக் கூடாது, முக்கியமா உங்களை விடக் கூடாதுன்னு உத்தரவு."

முக்கியமாக என்னை! இதைக் கேட்ட பிறகும் பழைய சாமான் என்று என்னை நம்பச் சொல்கிறீர்களா? படுதாவின் ஓரத்தில் உடைந்த செங்கல் குவியல் தெரிந்தது. சிமெண்ட் மூட்டைகளும் கண்ணாடிப் பலகைகளும் சார்த்தி வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்டுக் கடை திறக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாடகைக்கு ஆசைப்பட்டு என் மகளின் காலுக்குக் கீழே இருந்ததை உருவியிருக்கிறீர்கள்.

சுவர் வெறும் திரை என்கிறீர்கள். ஒரே மாதிரி இரண்டு சின்னக் கட்டடங்களை என் மேடையில் வைத்து ஆட்டியிருக்கிறேன். ஒன்றில் கீழ்த்தளத்தில் செங்கல் சுவர் இருந்தது, மற்றதில் இல்லை. சுவர் இருந்தது விரிசல் விட்டது, பூச்சு கொட்டியது, ஆனால் நின்றது. இல்லாதது உட்கார்ந்துவிட்டது. நீங்கள் கணக்கில் எடுக்காவிட்டாலும் ஆடுகிறபோது அந்தச் சுவர் தூணுக்குத் தோள் கொடுக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சுவரை எடுத்தால் இன்னும் மோசம். கட்டடம் நேராக ஆடாமல் முறுக்கிக்கொள்ளும். இதைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். பார்க்கிற கட்டடக்காரர்கள் எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள், "நம்ம கட்டடத்துக்கு அப்படி ஆகாதுங்க மேடம்."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் தெரு எங்கள் குழுவின் முறை. என் மகள் வீடு என்பதால் நான் ஆய்வு செய்யக் கூடாது, மற்ற இருவர் செய்வார்கள். அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவலாம் என்று கனவு காணாதீர்கள். நான் பழக்கிய கண்கள் அவை.

நீங்கள் சொன்னதில் ஒன்று மட்டும் நிஜம். அவள் அழுதது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பேராசிரியை


பிப்ரவரி 27

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் காவலாளியைத்தான் பிடித்தேன். "யாருடா உத்தரவு போட்டது?" என்றேன். "சின்ன முதலாளிங்க," என்றான். என் பையன். நீங்கள் எழுதினது என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. எனக்குத் தெரியாமல் கடை விடுகிறானோ? பெற்ற பிள்ளையையே சந்தேகப்பட வைத்துவிட்டீர்களே என்று உங்கள் மேல் ஆத்திரம் வந்தது. இருந்தாலும் போய்ப் படுதாவைத் தூக்கினேன்.

கடை இல்லை. அது ஓர் அறை.

கட்டில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு தொட்டில். சன்னலோரம் ஒரு மேஜை, வரைபடத்தை விரித்துப் போடுகிற அளவு அகலம். புத்தகம் அடுக்க அலமாரி. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. வெளிச்சம் வேண்டுமென்று மூலைத்தூணுக்கு இரண்டு பக்கமும் சுவரை முழுசாக எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். நான் நின்றுகொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். திருடர்களைப் போல முழித்தார்கள்.

"என்னடா இது?"

உங்கள் பெண்தான் சொன்னாள். "அம்மாவுக்கு மாமா. மாடி ஏற மாட்டேன்னாங்க இல்ல? தரையில கால் இருந்தாத்தான் தூக்கம் வரும்னாங்க. குழந்தை பிறந்ததும் அவங்க என்கூட இருக்கணும். அதான் தரையிலயே கட்டிட்டோம். முடியற வரைக்கும் அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சோம்."

சுவரை எடுக்கும்முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று பையனைக் கேட்டேன். "நீங்கதானப்பா எப்பவும் சொல்வீங்க, செங்கல் சுவர் வெறும் திரைன்னு. திரையை எடுக்கறதுக்கு எதுக்குக் கேட்கணும்?" என்றான்.

உங்களுக்காகப் போட்ட கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். சுவரில்லாமல் அந்த மூலைத்தூண் தனியாக நின்றுகொண்டிருந்தது. கட்டும்போது அதை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

கொத்தனார் நாலு பேரை விட்டால் வியாழனுக்குள் சுவரை எழுப்பிப் பூசி மெழுகிவிடலாம். வெள்ளிக்கிழமை வருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பதவிக்கும் கெடுதலில்லை, என் பெயருக்கும் கெடுதலில்லை, பிள்ளைகளுக்கும் மனக்கஷ்டமில்லை. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருப்பீர்களா? எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் கேட்கிறேன்.

அவளுடைய மாமனார்


மார்ச் 2

சம்பந்திக்கு,

முடியாது.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்தபோது, சரி என்று எழுதத்தான் கை வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். எனக்கு அறை கட்டியிருக்கிறாள். நான் அவளிடம் ஒழுங்காக இரண்டு வார்த்தை பேசி ஒரு வருடம் ஆகிறது, அவள் எனக்கு மேஜை வாங்கியிருக்கிறாள்.

அவசரமாக எழுப்பும் சுவர் தூணோடு ஒட்டாது. பார்க்கச் சுவராக இருக்கும், ஆடும்போது திரையாகத்தான் இருக்கும். முன்பாதியில் முதலிலிருந்தே சுவர் இல்லை. எல்லோரும் வெளியேற வேண்டும். மூலைகளில் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் எழுப்பி, தூண்களைப் பருக்க வைக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். நான் வாயை மூடிக்கொண்டால், மேல் மாடிகளில் குழந்தை குட்டிகளோடு இருக்கும் மற்ற குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

அவளை உடனே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள். உங்கள் வீட்டுக்குத்தான் சொல்கிறேன், என் வீட்டுக்கு இல்லை. ஏதாவது காரணம் சொல்லுங்கள். உண்மையை மட்டும் சொல்ல வேண்டாம். அதை நான்தான் சொல்ல வேண்டும். எத்தனையோ வீட்டு வாசல்களில் நின்று முகம் தெரியாதவர்களிடம் காலி பண்ணுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.


மார்ச் 4

சம்பந்தியம்மாவுக்கு,

ஒரேயடியாக வர மாட்டேன் என்கிறாள். அறையை உங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் எங்கேயும் வருவாளாம். பகல் முழுக்க இருவரையும் ஏதாவது சொல்லி வெளியே வைத்திருக்கிறேன். இரவு எங்கள் வீட்டிலேயே சாப்பாடு போட்டுத் தூங்க வைத்துவிடுகிறாள் என் வீட்டுக்காரி. பொய் சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மற்ற குடும்பங்களிடம் நானே பேசிவிட்டேன். கட்டி விற்ற வாயாலேயே காலி பண்ணச் சொன்னேன். இரண்டாவது மாடிக்காரர் என் சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும் என்று நின்றேன். இதையும் நீங்கள் நம்பப் போவதில்லை. அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை நீங்களும் வாருங்கள். அவள் உங்களை எதிர்பார்த்து அந்த அறையில் நிற்பாள். நான் வெளியே நிற்கிறேன்.


மார்ச் 8

சம்பந்திக்கு,

வெள்ளிக்கிழமை நான் அறையைவிட்டு வெளியே வந்ததும் கேட்டீர்கள், "உள்ள என்ன சொன்னா?" நான் பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். திமிர் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் இடத்தில் நானும் அப்படித்தான் நினைப்பேன். அதனால் எழுதுகிறேன்.

குழுவிலிருந்து வந்த இருவரும் மொட்டை மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் சிவப்புச் சாயம். என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். உனக்கும் குழந்தைக்கும் ஆபத்து என்று ஆரம்பிப்பதா, சுவரிலிருந்து ஆரம்பிப்பதா? வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னால் அழாமல் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அவள் அறை நடுவில் நின்றிருந்தாள். வயிறு இவ்வளவு பெரிதாகிவிட்டது என்று எனக்குத் தெரியாது. போனில் வயிறு தெரியாதே. மேஜையைக் காட்டினாள். மேஜை விளக்கைப் போட்டுக் காட்டினாள். கட்டிலில் உட்கார்ந்தபடியே தொட்டிலை ஆட்டலாம் என்று உட்கார்ந்து ஆட்டிக் காட்டினாள். கண்ணாடி வழியாக வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. நான் தூணைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

"எப்படிம்மா இருக்கு?" என்றாள்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. "ரொம்ப நல்லா இருக்கு," என்றேன். இத்தனை வருட வேலையில் ஒரு கட்டடத்தைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அதுதான். அதைச் சொன்னதற்காக வெட்கப்படவில்லை. திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தொட்டிலிலிருந்து கையை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். வெளியே உங்கள் குரல் கேட்டது, யாரிடமோ ஏணியைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"நீ ஒரு கட்டடத்தை நல்லா இருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்லையேம்மா," என்றாள்.

பிறகு எழுந்து மேஜை விளக்கை அணைத்துவிட்டு, "எப்போ காலி பண்ணணும்?" என்று கேட்டாள்.